1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியாச்சு. கிராஃபிக்ஸ் கார்டு எது போடலாம்?

நள்ளிரவுநரி

எல்லோருக்கும் வணக்கம். செய்ய வேண்டியதைத் தலைகீழாகச் செய்துவிட்டேன் போலிருக்கிறது. மானிட்டரை முதலில் வாங்கிவிட்டு, இப்போது கார்டுக்காக முழித்துக்கொண்டிருக்கிறேன்.

மானிட்டர் 27 அங்குலம், 2560 × 1440, 165 ஹெர்ட்ஸ். கணினி பழசு: ரைசன் 5 3600, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 450 வாட் பவர் சப்ளை. விளையாடுவது எல்டன் ரிங், சைபர்பங்க் 2077, சாயங்காலம் நண்பர்களோடு வலோரன்ட்.

பெட்டியில் 165 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். அப்படியானால் எல்லா கேமிலும் நொடிக்கு 165 பிரேம் (படம்) வருகிற கார்டுதான் வாங்க வேண்டுமா? 90 வந்தால் மானிட்டருக்குக் கொடுத்த காசு வீணா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் பெரிதாக, கூர்மையாக இருக்கிறது, சரி. ஆனால் பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரைவிட ஓட்டம் மென்மையாக இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. கண் இன்னும் பழகவில்லையோ?

கூலிங்ஃபேன்

ஆர்டிஎக்ஸ் 5080 கார்டு போடுங்கள். ஐந்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பிக்சல்கணக்கு

450 வாட் சப்ளையில் 360 வாட் கார்டா? ஐந்து வருடம் இல்லை, ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

நரி, 165 என்பது உச்சவரம்பு. அந்த மானிட்டர் ஒரு நொடிக்கு அதற்கு மேல் படம் காட்டாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அதை எட்டியே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஸ்பீடோமீட்டரில் 200 வரை போட்டிருக்கிறது என்பதற்காக யாரும் 200-இல் ஓட்டுவதில்லையே.

கார்டின் முதுகில் உண்மையில் ஏறுவது பிக்சல் சுமை. 1920 × 1080 என்றால் 20.7 லட்சம் பிக்சல். உங்கள் 2560 × 1440-இல் 36.9 லட்சம், அதாவது 1.78 மடங்கு. 4கே-வில் (3840 × 2160) 82.9 லட்சம், 1080பி-யைப் போல நாலு மடங்கு. பிக்சல் 1.78 மடங்கானால் பிரேமும் அதே அளவு குறையும் என்று கணக்குப் போட முடியாது. நிழல், இயற்பியல், பாத்திரங்களின் நடமாட்டம் என்று ரெசல்யூஷனைச் சாராத வேலைகளும் உண்டு. ஆனால் கார்டு மூச்சு முட்டும் கேமில் கிட்டத்தட்ட அந்தத் திசையில்தான் போகும்.

பிரேம் எண்ணிக்கையை மில்லி நொடியாக மாற்றிப் பாருங்கள், பாதி ஆசை அடங்கிவிடும். 60-இல் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி நொடி. 144-இல் 6.9. 165-இல் 6.1. அறுபதிலிருந்து 144-க்குப் போனால் பிரேமுக்குக் கிட்டத்தட்ட 10 மில்லி நொடி மிச்சம், கை உணரும். 144-இலிருந்து 165-க்கு மிச்சமாவது ஒன்றுகூட இல்லை. அந்தக் கடைசி 21 பிரேமுக்காக ஒரு படி மேலான கார்டு வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வயர்மேன்

கார்டு பேச்சை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். "மென்மையாகத் தோன்றவில்லை" என்ற இடத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

நரி, விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய், ரெஃப்ரெஷ் ரேட் எத்தனையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். எந்த கேபிளில் இணைத்திருக்கிறீர்கள் என்பதையும்.

நள்ளிரவுநரி

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. 60.

பன்னிரண்டு நாளாக 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60-இல் ஓட்டியிருக்கிறேன். மாற்றலாம் என்று பட்டியலைத் திறந்தால் 144 வரைதான் காட்டுகிறது, 165-ஐக் காணோம். பழைய மானிட்டரில் இருந்த ஹெச்டிஎம்ஐ கேபிளைத்தான் அப்படியே மாட்டினேன்.

வயர்மேன்

அதேதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இங்கே பாதிப் பேர் செய்ததுதான். நான் இதைவிட மோசம்: புதுக் கார்டு போட்ட அன்று கேபிளை மதர்போர்டின் பின்பக்கத் துளையில் செருகிவிட்டு, "கார்டு செத்துப் பிறந்திருக்கிறது" என்று விற்றவரிடம் சண்டைக்குப் போனேன்.

உங்கள் மானிட்டரின் ஹெச்டிஎம்ஐ 2.0 வகையாக இருக்கும். அதன் கொள்ளளவு நொடிக்கு 18 கிகாபிட். 1440பி-யில் 144 வரைதான் இழுக்கும். பெட்டியில் தெர்மகோலுக்கு அடியில் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஒன்று கிடக்கும், தேடுங்கள். அதை மாட்டினால் 165 தெரியும். அப்புறம் மானிட்டரின் சொந்த மெனுவில் அடாப்டிவ் சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் (கார்டின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரை ஓட வைப்பது) என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலிலும் ஜி-சிங்க் பகுதியில் டிக் போட வேண்டும். 2019 ஜனவரியிலிருந்து ஃப்ரீசிங்க் மானிட்டர்களை என்விடியாவும் ஏற்கிறது, உங்கள் 1660 சூப்பருக்கும் அது பொருந்தும்.

நள்ளிரவுநரி

தெர்மகோலுக்கு அடியிலேயே இருந்தது, பிரிக்காத கவரில். 165 வந்துவிட்டது. டெஸ்க்டாப்பில் மவுஸை அசைத்தாலே வித்தியாசம் தெரிகிறது! கார்டே மாற்றாமல் பாதி ஆசை தீர்ந்தது.

ஆனால் சைபர்பங்க் இன்னும் திணறுகிறது.

நேரிழை

அடாப்டிவ் சிங்க் ஆன் செய்துவிட்டீர்கள் என்பதால், முதல் பதிவில் கேட்ட "90 வந்தால் வீணா" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறேன். என் பார்வையில் கார்டு தேர்வையே இதுதான் தீர்மானிக்கிறது.

இது இல்லாத மானிட்டர் தன் தாளத்தில் நொடிக்கு 165 முறை திரையைப் புதுப்பிக்கும். கார்டு தன் தாளத்தில் பிரேம் அனுப்பும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், பாதித் திரையில் பழைய படமும் மீதியில் புதுப் படமும் வந்து குறுக்கே கிழிந்தது போலத் தெரியும். விசிங்க் (மானிட்டர் புதுப்பிக்கும் வரை கார்டைக் காக்க வைப்பது) போட்டால் கிழிசல் போகும், ஆனால் தடுமாற்றம் வரும். எல்டன் ரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த கேமில் 60-க்கு மேல் போகாதபடி பூட்டு உண்டு, எந்தக் கார்டு போட்டாலும் 60தான். 165-ஐ 60-ஆல் வகுத்தால் 2.75. ஒரு பிரேம் மூன்று புதுப்பிப்புக்குத் திரையில் நிற்கும், இன்னொன்று இரண்டுக்கு மட்டும் நிற்கும். கேமராவை மெதுவாகத் திருப்பினால் ஒரு நொண்டல் தெரியும்.

அடாப்டிவ் சிங்க் இருந்தால் மானிட்டர் தன் தாளத்தை விட்டுவிட்டுக் கார்டின் தாளத்துக்கு ஆடும். 90 பிரேம் வந்தால் 90 ஹெர்ட்ஸ், 71 வந்தால் 71. உங்கள் மாதிரி மானிட்டர்களில் இந்த எல்லை பெரும்பாலும் 48-இல் தொடங்கும். அதற்குக் கீழே 40-க்குப் போனால் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு முறை காட்டி 80-இல் ஓட்டிச் சமாளிக்கும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டிய கார்டு, நீங்கள் ஆடும் கனமான கேமில், உங்களுக்குப் பிடித்த செட்டிங்ஸில், 70-இலிருந்து 100-க்குள் நிலையாகத் தருவது. 165-ஐ மறந்துவிடலாம். சராசரியைவிட, ஓவர்லேயில் (கேம் ஓடும்போது திரை ஓரத்தில் எண்களைக் காட்டுவது) 1% லோ, அதாவது மிக மெதுவான ஒரு சதவீத பிரேம்களின் வேகம் என்று வருமே, அந்த எண்ணைப் பாருங்கள். சராசரி 95, 1% லோ 38 என்றால் அந்தக் கார்டு எனக்கு வேண்டாம். சராசரி 78, லோ 62 என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

(அடாப்டிவ் சிங்க் இல்லாத மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு: எல்டன் ரிங் ஆடும்போது 120 ஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு முறை வரும், நொண்டல் போய்விடும்.)

தலைக்குறி

எல்லாம் கதை சொல்லும் கேம்களுக்குச் சரி. வலோரன்ட்டில் 78 பிரேமில் ஆடிப் பாருங்கள், எதிரி மூலையிலிருந்து எட்டிப் பார்த்துச் சுட்டுவிட்டுப் போன பிறகுதான் தெரியும். போட்டி கேமில் 165 நிரம்பத்தான் வேண்டும், மேலேயும் போக வேண்டும்.

நேரிழை

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வலோரன்ட்டை 165-இல் நிரப்புவது கார்டின் வேலையா, பிராசஸரின் வேலையா?

தலைக்குறி

பெரும்பாலும் பிராசஸர்தான். அது கார்டுக்கு இலகுவான கேம், அதை மறுக்கவில்லை.

பிக்சல்கணக்கு

ஊகிப்பானேன், அளந்துவிடலாம். நரி, ஒவ்வொரு கேமையும் அதே இடத்தில், அதே செட்டிங்ஸில், 1440பி-யில் ஒரு முறை, 1080பி-யில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பிரேம் லிமிட்டை எடுத்துவிடுங்கள். ரெசல்யூஷனைக் குறைத்ததும் பிரேம் ஏறினால் தடை கார்டில். ஏறவே இல்லை என்றால் தடை பிராசஸரில். அந்த கேமுக்காகப் புதுக் கார்டு வாங்குவது தண்டம்.

நள்ளிரவுநரி

அளந்தேன். என் கணினியில் வந்த சராசரி:

சைபர்பங்க், நடுத்தர செட்டிங்ஸ்: 1440பி-யில் 38, 1080பி-யில் 59.
எல்டன் ரிங், ஹை: 1440பி-யில் 46, 1080பி-யில் 60 (பூட்டு).
வலோரன்ட்: 1440பி-யில் 187, 1080பி-யில் 191.

வலோரன்ட் அசையவே இல்லை. அதுவும் ஏற்கெனவே 165-ஐத் தாண்டித்தான் இருக்கிறது! இத்தனை நாள் அதற்காகத்தான் கார்டு மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓரத்துஇருக்கை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என்னிடம் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 1080பி மானிட்டர். 32 அங்குல 4கே மானிட்டர் வாங்கலாம் என்று ஆசை. மானிட்டர் கைக்கு வராமலே இப்படி அளக்க வழி உண்டா?

பிக்சல்கணக்கு

உண்டு, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. என்விடியா கண்ட்ரோல் பேனலில் டிஎஸ்ஆர் என்று ஒன்று இருக்கிறது. அதில் 4.00 மடங்கைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் 1080பி மானிட்டரிலேயே கேமின் மெனுவில் 3840 × 2160 வந்து நிற்கும். கார்டு நிஜமாகவே 4கே-வில் வரைந்து, அப்புறம் சுருக்கிக் காட்டும். பிரேம் எண்ணிக்கை 4கே மானிட்டரில் வரப்போவதற்குக் கொஞ்சம்தான் குறைவாக இருக்கும். 1.78 மடங்கு போட்டால் 1440பி. ஏஎம்டியில் இதற்கு விஎஸ்ஆர் என்று பெயர். மானிட்டர் வாங்கும் முன் ஒரு சாயங்காலம் இதற்கு ஒதுக்குங்கள்.

கூலிங்ஃபேன்

டிஎல்எஸ்எஸ் (சின்னதாக வரைந்து பெரிதாக்கும் என்விடியா நுட்பம்) இருக்கும்போது எதற்கு இந்தக் கவலை? 4கே-வில் பெர்ஃபார்மன்ஸ் நிலையில் கார்டு வரைவது 1080பி மட்டும்தான்.

பிக்சல்கணக்கு

வரைவது 1080பி, உண்மை. ஆனால் அதை 4கே-வாக விரிப்பதற்கும் நேரம் ஆகும், இறுதிப் படமும் 4கே அளவில்தான் நினைவகத்தில் உட்காரும். அதனால் 1080பி-யில் வரும் பிரேமே வந்துவிடாது. இன்னொன்று: உள்ளே வரையும் ரெசல்யூஷன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நன்றாக இது வேலை செய்யும். 4கே குவாலிட்டியில் உள்ளே 1440பி, மூலப்பொருள் தாராளம். 1080பி குவாலிட்டியில் உள்ளே 720பி. கம்பி வேலி, மரக்கிளை எல்லாம் நெளியும்.

பிரேம் ஜெனரேஷன் பற்றியும் யாராவது கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். அது இடைப் படங்களைச் செருகும், ஆனால் உங்கள் கை அழுத்தியதற்குக் கேம் பதில் சொல்லும் வேகம் கூடாது. 30-ஐ 60 ஆக்கினால் பார்க்க 60, பிடிக்க 30. ஏற்கெனவே 60-க்கு மேல் வரும் கேமை 165 பக்கம் தள்ளுவதற்கு நல்ல கருவி. கார்டு வாங்கும்போது அந்த எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள்.

வயர்மேன்

சரி, நரியின் கார்டுக்கு வருவோம். பவர் சப்ளையை மாற்ற விருப்பமா?

நள்ளிரவுநரி

முடிந்தவரை வேண்டாம். மதர்போர்டு பி450.

வயர்மேன்

அப்படியானால் களம் சுருங்குகிறது. என்விடியாவின் 5070 என்றால் 250 வாட், ஏஎம்டியின் 9070 எக்ஸ்டி 304 வாட். இரண்டுக்கும் சப்ளை மாற்ற வேண்டும், தவிர 3600 பிராசஸர் வேகம் போதாமல் அவற்றைப் பட்டினி போடும். மிஞ்சுவது 180 வாட் 5060 டிஐ, 160 வாட் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. இரண்டிலும் 16 ஜிபி நினைவகம் உள்ள மாதிரியைத்தான் சொல்கிறேன்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த இரண்டு கார்டும் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகையாக வருகின்றன. பெட்டியில் பெயர் ஒன்றேதான், ஓரத்தில் சின்னதாக எண் மட்டும் மாறும். 1440பி-யில் புதிய கேம்களை ஹை டெக்ஸ்சரில் (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) ஓட்டினால் 8 ஜிபி நிரம்பி வழியும். வழிந்தது ஓவர்லேயில் சராசரியாகத் தெரியாது. கதவைத் திறக்கும்போது ஒரு குலுக்கல், சுவர் டெக்ஸ்சர் கொழகொழவென்று இருந்து இரண்டு நொடி கழித்துத் தெளிவது, அப்படித்தான் தெரியும்.

உங்கள் போர்டில் இது இன்னும் மோசம். 5060 டிஐ மதர்போர்டோடு 8 பாதையில்தான் பேசும். உங்கள் பி450-இல் அந்த இணைப்பு (பிசிஐஇ) பழைய 3.0 வகை, ஆக அந்தப் பாதையும் குறுகல். நினைவகம் வழிந்து ரேமுக்குப் போகும்போது அந்தக் குறுகல் வழியாகத்தான் போய்வர வேண்டும். 9060 எக்ஸ்டிக்கு 16 பாதை. பழைய போர்டு என்பதால் நான் அந்தப் பக்கம் சாய்கிறேன்.

வெள்ளைப்பெட்டி

இன்டெல் பி580-ஐ யாரும் சொல்லவில்லையே? 12 ஜிபி இருக்கிறது.

வயர்மேன்

நல்ல கார்டு, இந்தக் கணினிக்கு இல்லை. அதன் டிரைவர் பிராசஸரிடம் அதிக வேலை வாங்குகிறது. 3600 மாதிரிப் பழைய பிராசஸரோடு சோதித்தபோது பல கேம்களில் கணிசமாகப் பின்தங்கியது. புதிய பிராசஸர் வைத்திருப்பவர் தாராளமாகப் பார்க்கலாம்.

தலைக்குறி

டிஎல்எஸ்எஸ்-க்காகவே நான் 5060 டிஐ பக்கம். ஆதரிக்கும் கேம்கள் அதிகம்.

நேரிழை

அது நியாயமான வாதம்தான். டிஎல்எஸ்எஸ்-க்கு ஏஎம்டியின் போட்டியான எஃப்எஸ்ஆர் 4 வந்த பிறகு படத் தரத்தில் இடைவெளி நன்றாகக் குறைந்துவிட்டது, ஆனால் எண்ணிக்கையில் டிஎல்எஸ்எஸ் இன்னும் முன்னால். ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) நிறையப் போடுவீர்கள் என்றாலும் 5060 டிஐ. இரண்டில் எது வாங்கினாலும் நரி அழப்போவதில்லை. 1660-இல் ரே டிரேசிங் வன்பொருளே கிடையாது என்பதால் டூம்: தி டார்க் ஏஜஸ் போன்றவை அதில் ஓடவே ஓடா. அந்தக் கதவும் திறக்கும்.

வயர்மேன்

கடைசியாக ஒன்று. சப்ளை எத்தனை வருடம் பழசு? 450 என்று ஸ்டிக்கரில் இருப்பது வேறு, ஆறு வருடம் கழித்து அது தருவது வேறு. என்னுடையது ஒன்று, பெயர் வேண்டாம், கேம் மெனுவில் சமர்த்தாக இருக்கும், சண்டைக் காட்சி தொடங்கியதும் கணினியே பட்டென்று அணைந்துவிடும். ஒரு மாதம் கார்டைத் திட்டினேன், பாவம் அது.

நள்ளிரவுநரி

மூன்று வருடம்தான் ஆகிறது. அப்போது கொஞ்சம் நல்லதாகவே பார்த்து வாங்கியிருந்தேன். சரி, முடிவு எடுத்துவிட்டுச் சொல்கிறேன்.

நள்ளிரவுநரி (மூன்று வாரம் கழித்து)

9060 எக்ஸ்டி 16 ஜிபி வாங்கினேன். பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுத்தான் போட்டேன். பவர் சப்ளை முணுமுணுக்கக்கூட இல்லை.

எல்டன் ரிங் 1440பி மேக்ஸிமம், 60-இல் ஆணி அடித்தது போல நிற்கிறது. அந்த நொண்டல் இல்லை.

சைபர்பங்க்கில்தான் ஒரு வேடிக்கை. ஹை செட்டிங்ஸ், ரே டிரேசிங் இல்லாமல் 69 வந்தது. எஃப்எஸ்ஆர் குவாலிட்டி போட்டால் நூறைத் தொடும் என்று நினைத்தேன், 80-இல் நின்றுவிட்டது. பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினாலும் அதே 80. சந்தைப் பகுதியில் கூட்டத்துக்குள் நடந்தால் கார்டு 70 சதவீதம்தான் வேலை செய்கிறது.

பிக்சல்கணக்கு

3600 சுவரில் முட்டிவிட்டீர்கள். அதற்கு மேல் கார்டின் சுமையைக் குறைத்துப் பயனில்லை. குவாலிட்டிக்குப் பதில் சொந்த ரெசல்யூஷனிலேயே ஆடுங்கள், அல்லது மிச்சமிருக்கும் கார்டு பலத்தை அழகு செட்டிங்ஸில் செலவழியுங்கள். கூட்டத்தின் அடர்த்தியை மட்டும் ஒரு படி குறையுங்கள், அது பிராசஸர் தின்னும் வேலை. பின்னாளில் கை அரித்தால் பயாஸைப் புதுப்பித்துவிட்டு அதே பி450-இல், கிடைத்தால், ரைசன் 5700எக்ஸ்3டி பிராசஸர் போடலாம், போர்டு மாற்ற வேண்டியதில்லை.

நேரிழை

வலோரன்ட்டில் பிரேமை 160-க்கு லிமிட் செய்து பாருங்கள். 165-ஐத் தாண்டினால் அடாப்டிவ் சிங்க் கைவிட்டுவிடும், கிழிசல் திரும்ப வரும்.

தலைக்குறி

நான் லிமிட் போட மாட்டேன், கிழிந்தால் கிழியட்டும். தாமதம் குறைகிறதே.

நள்ளிரவுநரி

இரண்டையும் ஆடிப் பார்த்தேன். என் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை, கண்ணுக்குக் கிழிசல் தெரிகிறது. 160-லேயே வைத்துக்கொள்கிறேன்.

ஓரத்துஇருக்கை

நானும் டிஎஸ்ஆர் சோதனை செய்துவிட்டேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். சைபர்பங்க் ஹை: 4கே-வில் 23. டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸில் 46. 1.78 போட்டு 1440பி-யில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி: 64. 4கே மானிட்டரை விட்டுவிட்டேன், 27 அங்குல 1440பி போதும், கார்டும் இன்னும் கொஞ்ச நாள் இதுவே ஓடட்டும். ஐபிஎஸ் பேனல் வாங்குவதா விஏ பேனல் வாங்குவதா என்று தனி இழை தொடங்குகிறேன், எல்லோரும் அங்கே வந்து சண்டை போடுங்கள்.